கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இருந்து மாமல்லபுரம் போறீங்களா? டிக்கெட், டைமிங், வண்டி எல்லாம் முதல்லயே தெரிஞ்சுக்கிட்டு கிளம்புங்க

எங்க ஊரு காவேரிப்பட்டணம். கடலைப் பார்க்கணும்னா ஒரு பகல் முழுக்க வண்டியில உக்காந்து போகணும், அதனால மாமல்லபுரம்னாலே எங்க வீட்டுல திருவிழா மாதிரிதான். 2024 டிசம்பர்ல போறதா இருந்தோம், ஃபெஞ்சல் புயல்ல ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டிங்களையெல்லாம் தண்ணி அடிச்சுட்டுப் போச்சே, அதே வாரம். கேன்சல். அப்புறம் 2025 மே மாசம், பசங்களுக்கு லீவு, சிங்கப்பூர்ல இருந்து நாத்தனாரும் வந்திருக்காங்கன்னு ஏழு பேரு வேன் பேசி, காலைல 5 மணிக்கு கிளம்பி ராத்திரியே திரும்பிடலாம்னு போனோம். அது எப்படி போச்சுன்னா, நாங்க அங்க போய் இறங்கும்போது மணி பன்னெண்டரை, பாறை தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது, மாமியார் வேனை விட்டு இறங்கவே இல்ல, பெருமாள் கோயில் நடை சாத்தியாச்சு, டிக்கெட் கவுன்டர்ல நாத்தனாருக்கு 600 ரூபா கேட்டாங்க, கடைசில ஐந்து ரதம் பார்க்க ஓடிப்போய் நின்னா கையில டிக்கெட்ட காணோம். இந்த ஜனவரில மறுபடி போனோம், இந்த தடவ பெரிசா ஒரு குறையும் இல்ல. ரெண்டு தடவைக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்தா எல்லாமே கிளம்புறதுக்கு முன்னாடி செஞ்ச வேலைங்கதான். முதல் தடவ போறவங்க யாரும் எங்கள மாதிரி அலையக் கூடாதுன்னுதான் இத எழுதுறேன். பல்லவர் வரலாறு வேணும்னா ஸ்கூல் புக்லயே இருக்கு, நான் அந்தப் பக்கமே போகல.

1. ஒரே நாள்ல போயிட்டு வர்ற ஐடியாவ முதல்ல விட்டுடுங்க

கிருஷ்ணகிரில இருந்து வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியா மாமல்லபுரம் கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர். தர்மபுரின்னா இன்னும் ஒரு 45, 50 சேர்த்துக்கங்க. மேப்ல அஞ்சு மணி நேரம்னு காட்டும், நம்பாதீங்க, டிபனுக்கு ஒரு தடவ, டீக்கு ஒரு தடவ, சின்னப் பசங்களுக்கு ரெண்டு தடவன்னு நிறுத்தினா ஏழு மணி நேரம் சாதாரணமா ஆயிடும். அங்க பார்க்க வேண்டிய எல்லாமே வெட்ட வெளில இருக்கு, காலைல 6 மணிக்கு திறந்து சாயங்காலம் 6 மணிக்கு மூடிடுவாங்க. இதுல 11 மணில இருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல நடக்கவே முடியாது. ஆக பார்க்கிறதுக்கு நல்ல நேரம்னா காலைல ஒரு அஞ்சு மணி நேரம், சாயங்காலம் ஒரு மூணு மணி நேரம், அவ்ளோதான். காலைல ஊர்ல இருந்து கிளம்பினா அந்த அஞ்சு மணி நேரம் ரோட்டுலயே போயிடும்.

அதனால முந்தின நாள் மதியத்துக்குள்ள கிளம்பி, ராத்திரி அங்க போய் படுத்துடுங்க. ரூம் செலவு ஆகும்தான். ஆனா அந்த செலவ மிச்சம் பண்ணப் போய் மொத்த ட்ரிப்பையும் வீணாக்கினவ நான்.

2. எந்த மாசம், எந்தக் கிழமை

டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்லா இருக்கும். ஏப்ரல், மே போகவே போகாதீங்க, நம்ம ஊர் வெயில் பழகினவங்கதானேன்னு நினைப்பீங்க, அங்க வேர்வை காயாது, அந்த புழுக்கம் வேற மாதிரி. அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் நடு வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் ஏதாவது இருக்கான்னு பார்த்துட்டுதான் ரூமுக்கு பணம் கட்டணும், திருப்பித் தருவாங்களான்னு கேட்டுட்டு கட்டணும்.

பொங்கலுக்குப் போறவங்க ஒண்ணு கவனிங்க. நம்ம ஊர்ல கரிநாள்னு சொல்ற அன்னைக்கு சென்னைக்காரங்களுக்கு காணும் பொங்கல், பாதி சென்னை மாமல்லபுரத்துலதான் இருக்கும். சனி, ஞாயிறும் கூட்டம்தான், ரூம் வாடகையும் ஏறிடும். நாங்க ரெண்டாவது தடவ செவ்வாய் போய் புதன் பார்த்தோம், பசங்களுக்கு லீவு சொல்லிட்டோம், டீச்சர் திட்டினது வேற கதை.

ஏப்ரல் 18 உலக பாரம்பரிய தினம், நவம்பர் 19 பாரம்பரிய வாரம் ஆரம்பிக்கிற நாள், இந்த ரெண்டு நாளும் வழக்கமா நுழைவு இலவசம்னு அறிவிப்பாங்க. ஆளுக்கு 40 ரூபா மிச்சம் பண்ண அந்தக் கூட்டத்துல போகணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

மாசி மகம் அன்னைக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்கள்ல இருந்து வந்து கடற்கரையில கூடாரம் போட்டுத் தங்கி கன்னியம்மாவுக்குப் படைப்பாங்க, கல்யாணம், காது குத்து எல்லாம் அங்கயே மணல்ல நடக்கும். பார்க்கணும்னு ஆசை இருந்தா அந்த பௌர்ணமிக்குப் போங்க, ஆனா அது அவங்க சாமி காரியம், மூஞ்சிக்கு நேரா போன நீட்டி போட்டோ எடுக்காதீங்க.

3. கையில இருக்க வேண்டிய பேப்பருங்க

இதுலதான் நாங்க நிறைய காசு விட்டோம்.

பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரிஜினல் அடையாள அட்டை. ஆதாரோ, வோட்டர் ஐடியோ, லைசென்ஸோ ஏதாவது ஒண்ணு. லாட்ஜ்ல ஒருத்தரோடது போதும்னு போன்ல சொல்லுவாங்க, நேர்ல போனா எல்லாரோடதும் கேப்பாங்க. எங்க மாமனார் ஜெராக்ஸ்தான் வச்சிருந்தாரு, ரிசப்ஷன்ல நின்னு பெரிய பேச்சு. காப்பி குடுக்கிறதா இருந்தா மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க, கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியும், அது நல்லது.

பசங்களோட ஆதார். 15 வயசு வரைக்கும் நுழைவு இலவசம். என் பையன் அப்பதான் பதினஞ்சு முடிச்சிருந்தான், அவனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதாயிடுச்சு, சரி. ஆனா என் பொண்ணு பதிமூணு வயசுக்கு அவனை விட உயரம், அவளுக்கும் கேட்டாங்க, போன்ல ஆதார் இருந்ததால விட்டாங்க.

வெளிநாட்டுல இருந்து வந்த சொந்தக்காரங்க கூட வர்றாங்கன்னா இத ரெண்டு தடவ படிங்க. இந்தியக் குடிமக்களுக்கு 40 ரூபா. சார்க், பிம்ஸ்டெக் நாட்டுக்காரங்களுக்கும், அதாவது இலங்கை, நேபாளம் மாதிரி நாடுங்களுக்கு, பாஸ்போர்ட் காட்டினா அதே 40. மத்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு 600. ஆனா ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு நம்ம அரசாங்கம் தர்ற அட்டை, இருந்தா நம்ம கட்டணம்தான். என் நாத்தனாருக்கு ஓசிஐ கார்டு இருக்கு, தர்மபுரில அவங்க அக்கா வீட்டு பீரோவுல. வெறும் சிங்கப்பூர் பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டு நான் தர்மபுரி பொண்ணுங்க, பொறந்தது இங்கதாங்கன்னு தமிழ்ல எவ்வளவு சொன்னாலும் கவுன்டர்ல இருக்கிறவர் என்ன பண்ணுவாரு, 600 கட்டிட்டுதான் உள்ள போனோம். அவர் மேல தப்பே இல்ல.

4. எதுல போறது

மூணு வழி இருக்கு. குடும்பத்தோட, வயசானவங்களோட போறதுன்னா சொந்தக் காரோ வாடகை வண்டியோதான் நல்லது, ரெண்டு பேரு, மூணு பேருன்னா ரயில் சிக்கனம், பஸ் கடைசி.

கார், வேன்: என்ஹெச் 48 பிடிச்சு வேலூர், வாலாஜா தாண்டி காஞ்சிபுரத்துல திரும்பிடுங்க. வாலாஜாபாத், செங்கல்பட்டு, அங்க இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம். நாங்க முதல் தடவ டிரைவர் பேச்சக் கேட்டு ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய் சென்னை டிராபிக்குல மாட்டி, ஈசிஆர்ங்கிற கடற்கரை ரோட்டப் பிடிச்சு வந்தோம், ஒன்றரை மணி நேரம் அதுலயே போச்சு, டோலும் ஒண்ணு கூட. ஊத்தங்கரை, அரூர் பக்கத்துக்காரங்களுக்கு செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழி ஒத்து வரும், திரும்பும்போது அண்ணாமலையார பார்த்துட்டு வரலாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஃபாஸ்டேக்ல பேலன்ஸ் பாருங்க, வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜான்னு டோல் வரிசையா வரும். ஃபாஸ்டேக் வேலை செய்யலன்னா அபராதத்தோடதான் கட்டணும். சொந்தக் கார் வச்சு அடிக்கடி ஓடுறவங்களுக்கு வருஷ பாஸ் இருக்கு, 200 தடவ கணக்கு. வாடகை வண்டிக்கு அது செல்லாது.

வாடகை வேன் பேசும்போது கிலோமீட்டர் ரேட் மட்டும் கேட்டுட்டு சரின்னு சொல்லிடாதீங்க. டிரைவர் பேட்டா ஒரு நாளைக்கு எவ்வளவு, ராத்திரி தங்கினா எவ்வளவு, டோல் யாரு, பார்க்கிங் யாரு, ஒரு நாளைக்கு குறைஞ்சது எத்தன கிலோமீட்டர் கணக்கு, எல்லாம் வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கங்க. ஓசூர்க்காரங்களுக்கு ஒரு விஷயம், அத்திப்பள்ளி பக்கம் கேஏ நம்பர் வண்டி ரேட் கம்மின்னு யாராவது கூட்டிட்டு வருவாங்க, தமிழ்நாட்டுக்கு வரி கட்டியிருக்கானு ரசீத கேட்டுப் பாருங்க, இல்லன்னா வழில நிறுத்தி அந்தப் பணத்த உங்க கிட்டதான் கேப்பாங்க. வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுக்கவே கூடாது, ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கை விரிச்சிடுவான்.

ரயில்: கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது, தெரிஞ்சதுதான். தர்மபுரி மாவட்டத்துக்காரங்க மொரப்பூர் போய் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடிச்சா ராத்திரி தூங்கிட்டே விடியறதுக்கு முன்னாடி சென்னை சென்ட்ரல் போயிடலாம். கிருஷ்ணகிரிக்காரங்க ஜோலார்பேட்டையோ திருப்பத்தூரோ போயிடுங்க, வண்டி நிறைய இருக்கு. சென்ட்ரல்ல இறங்கி ரோட்ட தாண்டினா பார்க் ஸ்டேஷன், அங்க செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயின். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், டிக்கெட் ரொம்ப கம்மி. செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் பஸ், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அரக்கோணத்துல இறங்கி காஞ்சிபுரம் வழியா செங்கல்பட்டு போற பாசஞ்சர் பிடிக்கலாம்னு சில பேரு சொல்லுவாங்க, வண்டி கொஞ்சம்தான் ஓடுது, நேரம் பார்க்காம அத நம்பிப் போகாதீங்க.

முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், பழைய 120 நாள் கணக்குல உக்காந்துட்டு இருக்காதீங்க. தட்கல் வேணும்னா முந்தின நாள் காலைல ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, ஆன்லைன்ல எடுக்க அக்கவுன்ட்ல ஆதார் சேர்த்திருக்கணும். அத அன்னைக்கு காலைல உக்காந்து செஞ்சா டிக்கெட் போயிடும், ஒரு வாரம் முன்னாடியே முடிச்சு வைங்க.

பஸ்: சென்னை எக்ஸ்பிரஸ் பஸ்ஸுங்க காஞ்சிபுரம் ஊருக்குள்ள போகாது, பைபாஸ்லயே போயிடும், ராத்திரில அங்க இறக்கி விட்டா கஷ்டம். அதுக்கு பதிலா வேலூர் வரைக்கும் ஒரு பஸ், வேலூர்ல இருந்து காஞ்சிபுரம், அங்க இருந்து மாமல்லபுரம் நேரா பஸ் இருந்தா அது, இல்லன்னா செங்கல்பட்டு மாறிப் போறது. மூணு நாலு பஸ் மாறணும், மூட்டை முடிச்சு, குழந்தையோட வேண்டாம். சென்னைக்கே போயிட்டு வரலாம்னு நினைச்சீங்கன்னா, நம்ம வேலூர் வழி பஸ் வந்து நிக்கிற இடமும் தெற்குப் பக்க பஸ்ஸுங்க கிளம்புற கிளாம்பாக்கமும் வேற வேற ஊரு மாதிரி, இடையில ஒரு மணி நேரத்துக்கு மேல போயிடும்.

5. ரூம்

பஸ் ஸ்டாண்டு பக்கமும், கடற்கரை போற தெருக்கள்லயும் லாட்ஜ் நிறைய. எல்லாம் நடக்கிற தூரம்தான், அதனால கடல் தெரியற ரூமுன்னு கூடக் காசு குடுக்க வேண்டாம், ராத்திரி இருட்டுல என்ன கடல் தெரியப்போகுது. தமிழ்நாடு சுற்றுலாத் துறையோட ஹோட்டலும் இருக்கு, இடம் தாராளமா இருக்கும், குடும்பத்துக்கு பரவாயில்ல, முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கணும்.

கேக்க வேண்டியது மூணு: வரி சேர்த்து எவ்வளவு, எக்ஸ்ட்ரா ஆளுக்கு எவ்வளவு, செக் அவுட் 24 மணி நேரமா பகல் 12 மணியா. கடைசி கேள்விதான் முக்கியம். பகல் 12 மணிக்கு காலி பண்ணச் சொன்னா வெயில் நேரத்துல எங்க போய் படுப்பீங்க? நாங்க ரெண்டாவது தடவ சாயங்காலம் 6 மணிக்கு உள்ள போய் மறுநாள் 6 மணி வரைக்கும் பேசி எடுத்தோம், மதியம் சாப்பிட்டுட்டு மாமியார் ரெண்டு மணி நேரம் தூங்கினாங்க, சாயங்காலம் ரதம் பார்க்க முதல் ஆளா கிளம்பினவங்க அவங்கதான்.

6. நுழைவு டிக்கெட்

கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கிற மலைப் பகுதி, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். ஒவ்வொரு இடத்துலயும் தனித்தனியா எடுக்க வேண்டியதில்ல. அன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் செல்லும். கவுன்டர்ல 40, மத்திய தொல்லியல் துறையோட ஆன்லைன் தளத்துல எடுத்தா 35. கேட்டு பக்கத்துலயே க்யூஆர் கோடு போர்டு இருக்கும், ஸ்கேன் பண்ணி போன்லயே பணம் கட்டிடலாம். ஆனா சிக்னல் சில நேரம் சுத்திட்டே இருக்கும், அதனால ராத்திரி ரூம்லயே உக்காந்து எடுத்து ஸ்க்ரீன்ஷாட் போட்டு வைங்க. கூகுள்ல தேடும்போது முதல்ல வர்றது எல்லாம் அரசாங்க தளம் இல்ல, கைடு, சாப்பாடுன்னு பேக்கேஜ் சேர்த்து பல மடங்கு விலைக்கு விக்கிற ஏஜென்ட் பக்கங்களும் வரும், 35 ரூபாய்க்கு மேல காட்டினா வெளிய வந்துடுங்க.

டிக்கெட்ட தொலைக்காதீங்க. ஒரே டிக்கெட்டுன்னா ஒவ்வொரு கேட்டுலயும் அதையே காட்டணும்னு அர்த்தம், இது எங்களுக்குத் தோணல. கடற்கரைக் கோயில் பார்த்து முடிச்சதும் என் பையன் பேன்ட் பாக்கெட்ல வச்சுக்கிட்டே கடல்ல இறங்கிட்டான், வெளிய எடுத்தப்ப கூழ். ஐந்து ரதத்துல டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் மறுபடி கணக்கு, நாத்தனாருக்கு இன்னொரு 600. அவங்க அழுதே இருப்பாங்க, எங்களுக்காக சிரிச்சாங்க.

ட்ரைபாட் வச்சு எடுக்கணும்னா தனியா அனுமதி வாங்கணும், ட்ரோன் எடுத்துட்டே போகாதீங்க. போன்ல எடுக்கிறதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, நம்ம வீட்டுப் பெரியவங்க தேங்காய், பூ, சூடம் எல்லாம் கட்டிட்டு கிளம்பிடுவாங்க. கடற்கரைக் கோயில்லயோ குகைங்கள்லயோ பூஜை கிடையாது, எல்லாம் தொல்லியல் துறை கையில இருக்கு. சாமி கும்பிடணும்னா அர்ஜுனன் தபசுங்கிற பெரிய பாறைச் சிற்பத்துக்குப் பக்கத்துலயே ஸ்தலசயனப் பெருமாள் கோயில், 108 திவ்யதேசத்துல ஒண்ணு, பெருமாள் தரையிலயே பள்ளி கொண்டிருப்பாரு. அங்க டிக்கெட் எல்லாம் வேண்டாம், ஆனா மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால காலைலயே போயிடுங்க.

7. எந்த வரிசைல பார்க்கிறது

இது என் சொந்தக் கணக்கு, ரெண்டு தடவ போய் அடிபட்டு கத்துக்கிட்டது.

காலைல 6 மணி, கடற்கரைக் கோயில். சூரியன் கோயிலுக்குப் பின்னாடி கடல்ல இருந்து வரும். இது குடைஞ்ச கோயில் இல்ல, கல்ல அடுக்கிக் கட்டினது, உப்புக் காத்துல சிற்பம் எல்லாம் மழுங்கிப் போயிருக்கும், கிட்டப் போய் மூக்கு முழியத் தேடாதீங்க, தூரத்துல புல்வெளில நின்னு பாருங்க. ஒரு மணி நேரம் தாராளம்.

டிபன முடிச்சுட்டு ஏழரை, எட்டு மணிக்கு அர்ஜுனன் தபசு. ஒரு கிலோமீட்டர் கூட இல்ல, நடந்தே போலாம். அந்தப் பாறை கிழக்க பார்த்து இருக்கு, காலை வெயில் நேரா விழும்போது ஒவ்வொரு உருவமும் தனியா எழும்பி நிக்கும், மதியத்துக்கு மேல போனா நிழல்ல எல்லாம் ஒண்ணாத் தெரியும். பசங்களுக்கு யானைக்குக் கீழ பின்னங்காலுல நின்னு தபசு பண்ற பூனையக் காட்டுங்க, சுத்தி எலிங்க கும்பிட்டுட்டு இருக்கும். பக்கத்துலயே கிருஷ்ண மண்டபம், அதுல பால் கறக்கிறவரும் கன்னுக்குட்டிய நக்குற பசுவும் இருக்கு, என் மாமியார் இதுக்கு முன்னாடி நின்ன அளவுக்கு வேற எங்கயும் நிக்கல, மடி கட்டியிருக்கிற அழக பாருன்னு சொல்லிட்டே இருந்தாங்க. வீட்டுல நாலு மாடு வச்சிருக்கிறவங்க.

அப்புறம் மலை மேல ஏறுங்க. வெண்ணெய் உருண்டை, கணேச ரதம், வராக குகை, அப்படியே தெற்கால போனா மகிஷாசுரமர்த்தினி குகை. ஒரே குகைல ஒரு பக்கச் சுவர்ல அம்மன் சிங்கத்து மேல சண்டைக்குப் பாயுறா, எதிர்ச் சுவர்ல பெருமாள் நிம்மதியா படுத்திருக்காரு. அவசரத்துல ஒரு பக்கம் பார்த்துட்டு வந்துடாதீங்க. வராக குகைலயும் எல்லாச் சுவரையும் பார்க்கணும். பாறை வழுக்கும், மழை பெய்ஞ்சிருந்தா மேல போகவே வேண்டாம். ஹீல்ஸ் போட்டுட்டு வராதீங்க. ஏறறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு, தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க. கலங்கரை விளக்கத்துல ஏறணும்னா அதுக்கு தனி டிக்கெட், அது காலைல 10 மணிக்குதான் திறக்கும், உள்ள படி ரொம்பக் குறுகல்.

எங்க வீட்டுக்காரர் கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் வேலைல இருபது வருஷமா இருக்காரு. அவர் சிற்பத்த விட்டுட்டு பாறை ஓரத்துல வரிசையா இருந்த சின்னச் சின்ன குழிங்களத் தடவிட்டு இருந்தாரு, ஆப்பு அடிச்சு கல்லு பொளக்கிறதுக்குப் போடுற குழியாம், நாங்களும் இப்படித்தானே போடுறோம்னாரு. பாதில விட்ட வேலை நிறைய இருக்கு அங்க, முடிச்சத விட அதப் பார்த்தாதான் எப்படி செஞ்சாங்கன்னு புரியுது. நம்ம மாவட்டத்துக்காரங்க அத விடாதீங்க.

பதினோரு மணிக்கு ரூமுக்கு வந்துடுங்க. சாப்பாடு, தூக்கம். மூணரை, நாலு மணிக்கு ஐந்து ரதம், தெற்கால ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோல போங்க. பெரும்பாலான ரதம் மேற்க பார்த்து இருக்கு, சாயங்கால வெயில் அதுக்குத்தான் நல்லது. ஒவ்வொண்ணும் ஒரே பாறைய மேல இருந்து கீழ செதுக்கிட்டே வந்தது, அதனாலதான் சிலதுல மேல வேலை முடிஞ்சும் அடிப்பக்கம் அப்படியே நிக்குது. ஸ்கூல் பஸ்ஸுங்க எல்லாம் கிளம்பியிருக்கும். ஆனா அஞ்சரைக்கு மேல டிக்கெட் குடுக்க மாட்டாங்க, ஆறு மணிக்கு விசில் ஊதிடுவாங்க.

ரெண்டாவது நாளும் நேரம் இருந்தா வடக்க 5 கிலோமீட்டர்ல சாளுவன்குப்பம் புலிக்குகை போங்க, கூட்டமே இருக்காது, பக்கத்துலயே சுனாமிக்கு அப்புறம் தோண்டி எடுத்த முருகன் கோயிலோட அடித்தளமும் இருக்கு.

8. கடல்ல இறங்காதீங்க

நம்ம ஊர்ல பெண்ணையாத்துல நீச்சல் கத்துக்கிட்டோம்னு தைரியமா இறங்குவோம். அந்தக் கரையில இழுப்பு ஜாஸ்தி, முட்டி அளவு தண்ணில நிக்கும்போதே காலுக்கு அடில மணல் போயிட்டே இருக்கும். வருஷா வருஷம் ஆளுங்க போறாங்க, போர்டும் வச்சிருக்காங்க, போலீஸும் விரட்டுவாங்க. கால நனைச்சுட்டு வந்துடுங்க, பசங்க கையப் பிடிச்சுக்கிட்டே.

9. கைடு, ஆட்டோ, கடைங்க

கைடு வேணும்னா அரசாங்க அடையாள அட்டை கழுத்துல இருக்கான்னு பார்த்துட்டு, எத்தன இடம், எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவுன்னு முதல்லயே பேசிக்கங்க. நல்ல கைடு கிடைச்சா காசு வீண் இல்ல, நாங்க அர்ஜுனன் தபசுக்கு மட்டும் ஒருத்தர வச்சோம், அந்தப் பூனையே அவர் சொல்லித்தான் தெரிஞ்சது. ஊருக்குள்ள வர்ற வண்டிக்கு நுழைவுக் கட்டணம், பார்க்கிங்னு வாங்குவாங்க, ரசீது வாங்கி டேஷ்போர்டுலயே வைங்க, அடுத்த இடத்துல மறுபடி கேட்டா அதக் காட்டலாம்.

சிலை வாங்குறவங்களுக்கு: கருங்கல்லுன்னு சொல்லி கறுப்புச் சாயம் பூசின மாக்கல்ல நீட்டுவாங்க. நம்ம ஊருக்காரங்க இதுல ஏமாறக்கூடாது, நம்ம பாட்டி குழம்பு வச்ச கல்சட்டி எந்தக் கல்லு? அதேதான். அடிப்பக்கம் சாவியால லேசாக் கீறுங்க, வெள்ளையா மாவு வந்தா மாக்கல், கருங்கல்லு கீறல் விழாது. மாக்கல்லும் அழகுதான், ஆனா அந்த விலை குடுக்காதீங்க. தெரு ஓரத்துல தட்டுல வச்சு விக்கிறவங்கள விட, உளி சத்தம் கேக்குற பட்டறைக்கே போய் வாங்கறது நல்லது, அங்க சொல்ற விலை ஓரளவு விலையா இருக்கும். பெரிய சிலைன்னா லாரில ஊருக்கு அனுப்புற செலவ சேர்த்துக் கேளுங்க.

10. திரும்பி வர்றது

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஈசிஆர் பக்கம் தலைய காட்டாதீங்க, வந்த வழியே திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டுன்னு போயிடுங்க. ஆறரைக்கு கிளம்பினா கிருஷ்ணகிரி வர ராத்திரி ஒரு மணி ஆகும். டிரைவர் மதியம் தூங்கினாரான்னு கேளுங்க, இல்லன்னா இன்னொரு ராத்திரி தங்கிட்டு விடியற்காலைல கிளம்புங்க. நாங்க அப்படித்தான் செஞ்சோம், அஞ்சு மணிக்கு கிளம்பி, ஆம்பூர் வரும்போது பத்தரை, பிரியாணி அண்டா இன்னும் திறக்கல. மாமியார் இருந்து சாப்பிட்டுட்டே போலாம்னாங்க, அரை மணி நேரம் நின்னோம்.